சண்டிக் குதிரை

ஓசூர்ப் பட்டணத்துக்கு இன்று போகிறவர்கள் "குதிரைச் சக்தி" என்ற சொல்லைக் கேட்காமல் திரும்பி வருவது கஷ்டம். பெரிய பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. அங்கே யந்திரங்களின் வலுவைக் குதிரைக் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்குகிற வேலைக்கு "ஒரு குதிரைச் சக்தி" என்று ஜேம்ஸ் வாட் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் கணக்கு வகுத்துவிட்டுப் போனார். சாதாரண மோட்டார் சைக்கிள் ஒன்றிலேயே எட்டுப் பத்துக் குதிரைகள் அடங்கியிருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் அத்தனை குதிரைகளும் மறு பேச்சின்றிப் புறப்பட்டு விடுகின்றன.

ஆனால் பொத்தான் இல்லாத, நாலு காலும் இரண்டு காதும் உள்ள வாஸ்தவமான குதிரை ஒன்று, "புறப்பட மாட்டேன்" என்று தீர்மானித்துவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஜேம்ஸ் வாட்டின் கணக்கில் விடை கிடையாது. சென்ற தை மாதத்தில் நாகரசம்பட்டிக்குப் போயிருந்தபோது நமக்கு அந்த விடை ஒருவாறு கிடைத்தது. அதையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மதகடியில் ஒரு மல்யுத்தம்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் போச்சம்பள்ளிக்கு அருகே, மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர் நாகரசம்பட்டி. நண்பர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்காக அங்கே சென்றிருந்தோம். காலையில் காற்று வாங்கப் புறப்பட்ட நாம், ஊருக்கு வெளியே வாய்க்கால் மதகின் அருகில் ஒரு கூட்டத்தைக் கண்டு நின்றோம்.

கூட்டத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் பெண் குதிரை. நாலு வயதிருக்கும். கடிவாளத்தைப் பிடித்துக் கொண்டு முன்னால் ஒரு சிறுவன் இழுத்துக் கொண்டிருந்தான். சவுக்கை வைத்துக் கொண்டு பின்னால் ஓர் இளைஞர் அதட்டிக் கொண்டிருந்தார். குதிரையோ நாலு கால்களையும் தரையில் ஊன்றி, கழுத்தை விறைத்துக் கொண்டு நின்றது. சவுக்கு விழுந்ததும் முன்னங்கால்களைத் தூக்கி எழும்பிற்று. பையன் கயிற்றை விட்டுவிட்டு மதகுச் சுவரில் போய் விழுந்தான். குளம்பு அவன் தலைக்கு ஒரு முழத்தில் வந்து இறங்கியது. கூட்டத்தில் ஒருவரும் அப்போது சிரிக்கவில்லை.

விஷயத்தைப் பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டோம். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறி வருவதற்குக் குதிரை வாடகைக்கு விடும் தொழிலை அந்த இளைஞர் புதிதாக ஆரம்பித்திருந்தார். கடன் வாங்கி, எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டுப் பக்கத்திலிருந்து குதிரையைப் பிடித்து வந்திருந்தார். பன்னிரண்டு நாளில் முகூர்த்தம், முன்பணம் வாங்கியாயிற்று. குதிரை மதகைத் தாண்டினாலல்லவா மாப்பிள்ளை ஊர்வலம்? தினந்தோறும் இந்த இடத்துக்கு வந்ததும் சண்டி செய்தது. அவருடைய தாயார் வேறு, "நெற்றியிலே சுழி சரியில்லேன்னு அப்பவே சொன்னேன். விலைக்கு வந்ததைத் தள்ளிவிடு" என்று சொல்லி வந்தாராம். தள்ளிவிட்டால் கடனில் பாதி கூடத் தேறாது.

அந்தச் சமயத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு முதியவர் கூட்டத்தை விலக்கிக் கொண்டு வந்தார். ஒரு காலத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவராம். ஊரார் அவரைப் "பாய்" என்று மரியாதையுடன் அழைத்தார்கள்.

"தம்பி, சவுக்கைக் கீழே போடு" என்றார்.

"போட்டா இன்னும் திமிரும், பாய். இது சுத்தச் சண்டி" என்றார் இளைஞர்.

"சண்டியா இல்லையான்னு அப்புறம் பார்ப்போம். எங்கே வலிக்குதுன்னு அதைக் கேட்டியா?"

பாய் குதிரைக்கு நேர் எதிரே போகவில்லை, பின்புறமும் போகவில்லை. பக்கவாட்டில், இடது தோளண்டை மெதுவாகப் பேசிக் கொண்டே போய் நின்றார். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்ச இடமுந்தான் தெரியாது. ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் திடீரென்று தோன்றுகிறவன் அதற்குப் புலியாகத் தோன்றுகிறான். முதலில் முன்னாலும் பின்னாலும் இரண்டு புலிகள் நின்றிருந்தன. இப்போது ஒரு மனிதர் வந்து சேர்ந்தார்.

கடிவாளத்தைக் கழற்றி, உதட்டை விலக்கி, பாய் நம்மிடம் காட்டினார். வாயின் இரு கோடியிலும் புண். கன்னத்தின் உட்புறத்திலும் பல் கிழித்த கோடுகள். மறுநாள் வந்த கால்நடை வைத்தியரும் அதையே சொன்னார். கடைவாய்ப் பற்களின் விளிம்பு கூராக வளர்ந்திருந்தது. கடிவாளக் கம்பி படுகிற இடத்தில் ஒரு சிறு பல்லும் முளைத்திருந்தது. பையன் முன்னால் இழுக்க இழுக்க, இரும்பு அந்தப் பல்லில் இடித்தது. அவர் கூர்மையை அரத்தினால் தேய்த்து, அந்தச் சிறு பல்லையும் எடுத்துவிட்டார். புண் ஆறும் வரையில் வாயில் இரும்பு வைக்கக் கூடாது என்று கட்டளை.

சுழி எல்லோர் கண்ணிலும் பட்டது; பல் ஒருவர் கண்ணிலும் படவில்லை!

கண்டவர்கள் கண்டது

"இது பட்டிக்காட்டு அநுபவம், சாஸ்திரம் என்ன சொல்கிறது?" என்று சில நேயர்கள் கேட்கலாம். சாஸ்திரம் பாயின் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் டாக்டர் ஸூ டைசன் என்னும் குதிரை வைத்தியப் பெண்மணி, சவாரியின்போது குதிரைகள் செய்கிற செய்கைகளை ஆராய்ந்து, 2018-ம் ஆண்டில் 24 குறிகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். காதைப் பின்னுக்கு மடக்குதல், வாயைத் திறந்து கொண்டே இருத்தல், வாலை ஓயாமல் வீசுதல், முன்செல்ல மறுத்தல் முதலியவை அதில் அடங்கும். இவற்றில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்டவை ஒரு குதிரையிடம் காணப்பட்டால், அதற்கு உடம்பில் எங்கேயோ வலி இருக்கக் கூடும் என்பது அவர் கண்ட முடிவு. நாம் "திமிர்" என்று பெயர் வைத்திருப்பதில் பாதி, வாயில்லாப் பிராணியின் முறையீடு என்று இதனால் ஏற்படுகிறது.

வலிக்கு அடுத்தபடி பயம். இதற்கு உலகப் பிரசித்தமான திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. மாஸிடோனியா தேசத்து அரசன் பிலிப்பிடம் ஒரு வியாபாரி 13 தாலந்து விலை சொல்லி ஒரு குதிரையைக் கொண்டு வந்தான். ஒருவரையும் அது அருகில் வர விடவில்லை. "பிரயோஜனமில்லை, கொண்டு போ" என்று அரசன் சொல்லிவிட்டான். சிறுவனான அவன் மகன் அலெக்ஸாண்டர் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனித்தான். தரையில் ஆடிய தன் நிழலைக் கண்டுதான் குதிரை மிரண்டது. அதைச் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தினான். நிழல் பின்னால் போய்விட்டது, பயமும் போய்விட்டது. தடவிக் கொடுத்து மெதுவாக ஏறிக் கொண்டான். இவ்வாறு புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். புஸிபலஸ் என்ற அந்தக் குதிரை அலெக்ஸாண்டரை ஜீலம் நதிக்கரை வரையில் கொண்டு வந்தது. கி.மு. 326-ல் அங்கே அது இறந்தபோது, அந்த ஆற்றங்கரையிலேயே அதன் பெயரால் ஒரு நகரத்தை அவன் நிர்மாணித்தான். இன்று அந்தப் பிரதேசம் பாகிஸ்தானில் இருக்கிறது.

நம் தமிழ் நாட்டிலும் அப்படி ஒரு கதை இல்லாமற் போகவில்லை. செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேஜ் சிங்கை, ஆர்க்காட்டு நவாபுடன் போர் செய்து 1714-ம் ஆண்டில் உயிர் துறந்த அந்த இளைஞனை, "தேசிங்கு ராஜா" என்று நாம் கொண்டாடுகிறோம். டில்லியில் ஒருவராலும் அடக்க முடியாத ஒரு குதிரை இருந்ததாகவும், அதை அடக்க முடியாமல் தகப்பன் சிறைப்பட்டதாகவும், மகன் போய் அதன் மேல் ஏறி அடக்கித் தகப்பனை மீட்டதாகவும் நாட்டுக் கதைப் பாட்டுச் சொல்கிறது. சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்லாது. ஆனாலும் ஆயிரம் வீரர்கள் பலத்தினால் செய்ய முடியாததை ஒரு பையன் செய்தான் என்று ஜனங்கள் நம்ப விரும்பினார்கள் அல்லவா? குதிரையை அடக்குவது தோள் வலிமையைப் பொறுத்ததன்று என்பது கதை கட்டிய நம் முன்னோருக்குத் தெரிந்துதான் இருந்தது.

தெரிந்தும் நாம் எப்போதும் அவ்வாறு நடந்து கொள்ளவில்லை என்பதையும் ஒப்புக் கொள்ள வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 பொன் தீனார் என்று வஸ்ஸாப் என்னும் பாரசீகச் சரித்திரக்காரர் கணக்குச் சொல்கிறார். வாங்கின ஆயிரக் கணக்கான குதிரைகளில் வருஷ முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்றும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். இத்தனைக்கும், குதிரை வைத்தியத்துக்குச் சாலிஹோத்திரர் பெயரால் தனி சாஸ்திரமே கண்ட தேசம் இது. லாயம், தீனி, பழக்கும் முறை, சிகிச்சை எல்லாவற்றையும் கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் விவரிக்கிறது. சிகிச்சையில் அசட்டையினால் நோய் முற்றினால் அதற்கு அபராதமும் விதிக்கிறது. ஏட்டில் இருந்த அறிவு லாயத்துக்குப் போய்ச் சேராததனால், பொன் எல்லாம் மண்ணாயிற்று.

பிறகு வெள்ளைக்காரர் வந்தார்கள். நாகரசம்பட்டி இருக்கும் இதே ஜில்லாவில், ஓசூரை அடுத்த மத்திகிரியில், ராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக 1824-ம் ஆண்டில் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட ஒரு பெரும் பண்ணை ஏற்பட்டது. பெங்களூர்ப் பீடபூமியைச் சேர்ந்த அந்த இடத்தின் குளிர்ந்த காற்றும் புல்வெளியும் குதிரைக்கு ஏற்றவை. பின்னாளில் அது கால்நடைப் பண்ணையாக மாறியது. ஆகவே யந்திரக் குதிரைச் சக்தி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, உயிருள்ள குதிரைச் சக்தி பிறந்த சீமை அது. பாயைப் போன்றவர்கள் அந்தப் பக்கத்தில் இன்னும் ஒருவர் இருவராவது மிஞ்சியிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கயிறு தளர்கிற க்ஷணம்

வாய்ப் புண் ஆறுகிற நாட்களில் பாய் பாடத்தை ஆரம்பித்தார். கடிவாளம் இல்லை, தலைக்கயிறு மட்டுந்தான். கயிற்றை இலேசாக முன்னோக்கி இழுத்துப் பிடிப்பார். இழுப்பைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். குதிரை ஒரே ஓர் அடி முன் வைத்தவுடன், அந்த க்ஷணமே, கயிற்றைத் தளர விட்டுக் கழுத்தைச் சொறிந்து கொடுப்பார். அவ்வளவுதான். ஒரு பாடம் கால்மணி நேரத்துக்கு மேற்போகாது.

"இவ்வளவு மெதுவாப் போனா எப்போ பழகறது, பாய்?" என்று இளைஞர் தவித்தார்.

"தம்பி, இழுக்கிறப்போ அது ஒண்ணும் கத்துக்காது. விடறப்பத்தான் கத்துக்கும். எப்போ விடறேன்னு பார்த்துக்கோ" என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்தில் குதிரை பழக்கும் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. எந்தச் செய்கையைச் செய்தவுடன் தொல்லை நீங்குகிறதோ, அந்தச் செய்கையைக் குதிரை மனத்தில் பதித்துக் கொள்கிறது. இக்காலத்து ஆராய்ச்சியாளரும் இதையே அடிப்படையாகச் சொல்கிறார்கள். இப்போது நம் இளைஞர் அதுவரை செய்து வந்ததை யோசித்துப் பாருங்கள். மதகடியில் இழுப்பார், அடிப்பார். குதிரை எழும்பும். பயந்து போய்க் கயிற்றை விடுவார்கள். வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்து, ஐயோ பாவம் என்று கொள்ளும் புல்லும் வைப்பார்கள். ஆக, "எழும்பினால் கயிறு தளரும், வீடு கிடைக்கும், கொள்ளும் கிடைக்கும்" என்று தினந்தோறும் தவறாமல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார்? வலியினால் தொடங்கிய மறுப்புக்குக் கூலி கொடுத்து, அதைச் சண்டித்தனமாக வளர்த்தவர் எஜமானரேதான்!

ஆகையினால் பொறுமை என்பது வேறு. இடம் கொடுப்பது வேறு. முரண்டு பிடிக்கும்போது விட்டுவிடுகிறவனும் குதிரையைக் கெடுக்கிறான்; கேட்டதைச் செய்த பிறகும் விடாமல் இழுக்கிறவனும் கெடுக்கிறான். பாய் கோபிக்கவில்லை, ஆனால் ஒருநாளும் பாடத்தைத் தோல்வியில் முடிக்கவில்லை. பெரிய காரியம் நடவாவிட்டால், குதிரைக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு சிறு காரியத்தைச் செய்யச் சொல்லி, அதைச் செய்ததும் தடவிக் கொடுத்து அத்துடன் நிறுத்துவார்.

நேரே வர மறுத்தால் அவர் மல்லுக்கு நிற்பதில்லை. கழுத்தைப் பக்கவாட்டில் கொஞ்சம் திருப்புவார். அப்போது குதிரை ஒரு காலையாவது எடுத்து வைத்தே தீர வேண்டும். எழும்புகிற குதிரையின் கயிற்றைப் பிடித்துத் தொங்கக் கூடாது என்பதை இரண்டு மூன்று தடவை பையனுக்கு எச்சரித்தார். அப்படித் தொங்கினால் குதிரை மல்லாந்து விழும்; ஆளும் அதன் அடியில் போவான்.

வேடிக்கையான ஒரு சம்பவமும் நடந்தது. பாய் ஒவ்வொரு தடவையும் "நடி, நடி" என்று சொல்வதைப் பையன் கேட்டுக் கொண்டே இருந்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பாய், குதிரையை ஏன் நடிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டான்.

"கன்னடத்திலே நடின்னா நடன்னு அர்த்தம், தம்பி. அது பிறந்த ஊர்ப் பேச்சு. நீங்க தமிழிலே கத்தினது அதுக்கு வெறும் சத்தந்தானே?" என்றார் பாய்.

எல்லைப் புறத்தில் வசிப்பதற்கு மனிதர்கள் இரண்டு மூன்று பாஷைகள் கற்றுக் கொள்கிறார்கள். குதிரைக்கு மட்டும் அவகாசம் கொடுக்காமல் பரீட்சை வைத்து விட்டார்கள்! புரியாத கட்டளைக்குக் கீழ்ப்படியாததை முரட்டுத்தனம் என்று சொல்லி விட்டார்கள்.

மதகைத் தாண்டியது

கடைசியாக மதகு. பொங்கலுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் வெயிலில் பளபளத்தது. அடியில் தண்ணீர் சலசலத்தது. அது கழுத்தை நிமிர்த்திக் காதுகளை விறைக்கும் தூரம் எது என்று பாய் முதலில் பார்த்து வைத்துக் கொண்டார். அந்த இடத்திலேயே நிற்கச் செய்து பார்க்க விட்டார். மிரள்வதற்கு முன்பே, தாமாகவே திருப்பி அழைத்துச் சென்றார். மறுநாள் இரண்டு கஜம் முன்னால். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு கஜம். ஒருநாள் வேறு ஒருவருடைய சாதுவான மாட்டை முன்னால் நடக்க விட்டு, பின்னால் குதிரையைக் கொண்டு போனார்.

இதற்குள் பன்னிரண்டு நாள் கழிந்துவிட்டது. முகூர்த்தத்துக்குக் குதிரை போகவில்லை. இளைஞர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்காகக் கைமாற்று வாங்கியதாகவும் கேள்விப்பட்டோம். "எப்படியாவது அடித்து ஓட்டிப் போயிருந்தால் பணம் வந்திருக்குமே" என்று ஊரில் சிலர் பேசினார்கள். வாஸ்தவம், வந்திருக்கலாம். ஆனால் மேளமும் வெடியும் கூட்டமுமான தெருவில், மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளையை முதுகில் வைத்துக் கொண்டு, அந்தக் குதிரை மதகடியில் செய்ததையே செய்திருந்தால்? சுற்றி நிற்கிற குழந்தைகளை யார் காப்பாற்றியிருப்பார்கள்? பணத்தை இழந்து இளைஞர் வாங்கிக் கொண்டது எவ்வளவு பெரிய லாபம் என்பது குழந்தைகளைப் பெற்ற நேயர்களுக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளைக் குதிரை தினந்தோறும் மதகைத் தாண்டித் தோப்பு வரையில் போய் வருகிறதாம். இரும்புக் கம்பி பழைய கம்பியன்று; வைத்தியர் பார்த்துச் சொன்ன மெல்லிய அமைப்பு. மேளச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்கச் செய்து பழக்குகிறார்கள். வெடி மட்டும் இன்னும் ஆகவில்லை. ஆகவே, "வெடி போடுகிற ஊர்வலத்துக்குக் குதிரை வராது" என்று இளைஞர் முன்பணம் வாங்கும்போதே கண்டிப்பாகச் சொல்லி விடுகிறாராம். அதனால் இரண்டு வாடகை தவறிப் போயிற்று, மூன்று நிலைத்தது.

நம் வீடுகளில் பள்ளிக்கூடத்துக்குப் போக மறுத்துத் திண்ணைத் தூணைக் கட்டிக் கொள்கிற பிள்ளையையும் "சண்டிக் குதிரை" என்றே அழைக்கிறோம். அழைப்பதில் தோஷமில்லை. ஆனால் பிரம்பைத் தேடுவதற்கு முன்னால், வயிற்று வலியா, வாத்தியாரிடம் பயமா, பாடம் புரியவில்லையா, அல்லது முன்பு அழுதபோது மிட்டாய் கொடுத்து வீட்டில் நிறுத்திக் கொண்டவர்கள் நாமேதானா என்று ஒரு தடவை வாயைத் திறந்து பார்ப்பது நல்லது.

கடிதத்தின் கடைசியில் நண்பர் ஒரு செய்தி சேர்த்திருந்தார். நெற்றிச் சுழியைப் பற்றி இளைஞரின் தாயாரிடம் யாரோ மறுபடியும் பிரஸ்தாபித்தார்களாம். "சுழி இருந்த இடத்திலேயேதான் இருக்கு, குதிரைதான் நடக்குது" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் கொள்ளு ஊற வைக்கப் போய்விட்டாராம்.